பெரியம்மாவின் காது

ரேடியோவைத் திறப்பதற்கு முன்னால் நான் எப்போதும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொள்வேன். விரலில் இருக்கும் பிசுக்கு சுருள்களில் பட்டால் தூசி ஒட்டும். தூசி ஒட்டிய இடத்தில் ஈரம் சேரும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் விசாரணை அறிக்கையின் கடைசிப் பத்தியைப் படித்தேன். 'ரிசீவர் மிகவும் பழையது. ஆகவே அழைப்பைப் பிடிக்கத் தவறியிருக்கலாம்' என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறு. அந்தப் பெட்டியைப் பிரித்து, துடைத்து, சுருதி கூட்டி வைத்தவன் நான். வாங்கிய நாளில்கூட அது அவ்வளவு ஒழுங்காக இருந்திருக்காது. அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். மற்றதை, வந்த காலோடு சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்த ரிசீவரை நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுவோம். ஒரு ஆள் தூக்க முடியாத எடை, முகம் முழுக்கக் குமிழ்கள், நடுவில் கண்ணாடி போட்ட பெரிய டயல். ஊர்ப் பேச்சு முழுவதையும் காதில் வாங்கும், பாதிதான் புரியும் என்பதால் அந்தப் பெயர். பெயர் வைத்தது என் மாமா, அதாவது என் அக்காவின் கணவர். அவர் எங்கள் கம்பெனியின் லாஞ்ச் ஒன்றை ஓட்டினார். கடலுக்குள் இருக்கும் விளக்குப் பாறைக்கும் தூர்வாரும் கப்பலுக்கும் டீசல், தண்ணீர், சாமான் கொண்டுபோகிற வேலை.

துறைமுகத்தில் மாடியில் இருக்கும் ரேடியோ அறையில் நான் இரவுப் பணி ஆபரேட்டர். தொழிற்படிப்பைப் பாதியில் விட்டவன். வகுப்பில் உட்கார முடியவில்லை; வேறு காரணம் ஒன்றும் இல்லை. பகல் பணியில் இருந்த ஆபரேட்டரை எல்லோரும் கும்பகர்ணன் என்பார்கள். ஹெட்போனை மாட்டினால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். பார்க்கிறவர்களுக்குத் தூங்குவதுபோல இருக்கும். அவர் தூங்கியதில்லை. கண் திறந்திருந்தால் காது பாதிதான் வேலை செய்யும் என்பது அவர் கணக்கு. அவருடைய பெயரையும் உங்கள் அறிக்கையில் பார்த்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு ரிசீவர் எப்படிக் கெட்டுப்போகிறது என்று சொன்னால்தான் மற்றது புரியும். உள்ளே வரிசையாகச் சின்னத் தகர டப்பாக்கள் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு திருகாணி. எல்லா டப்பாக்களும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். நின்றால், வேண்டிய குரலை மட்டும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதை வெளியே தள்ளிவிடும். வயதானால் ஒவ்வொன்றும் தன் போக்கில் கொஞ்சம் நழுவும். அப்போது காது மந்தமாகும். ஆனால் வாசல் அகலமாகும். தூரத்துக் குரல் கேட்காது. சற்றுத் தள்ளி நின்று பேசுகிறவன் குரல் உள்ளே வந்துவிடும். பெரியம்மா அந்த நிலையில்தான் பல காலமாக இருந்தாள்.

மாமாவின் லாஞ்சில் இருந்த ரேடியோ செட்டும் சரியில்லை. அதில் அலைவரிசையை நகராமல் பிடித்து வைக்கும் கிரிஸ்டல் எப்போதோ உடைந்துபோய், யாரோ ஒரு மெக்கானிக் அதற்குப் பதிலாக ஒரு சுருளைக் கட்டிக் கொடுத்திருந்தான். அதனால் அவர் குரல் எங்கள் அலைவரிசையில் நேராக வராது. ஒரு முடி தள்ளி வரும். பேட்டரி இறங்கினால் இன்னும் தள்ளும். பெரியம்மாவின் வாசல் அகலமாக இருந்ததால் அது யாருக்கும் உறைக்கவில்லை. தப்பும் தப்பும் கை கோத்துக்கொண்டு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. செட்டை மாற்றச் சொல்லி நானே பல தடவை சொன்னேன்.

"பெரியம்மாவுக்குக் கேக்குதுல்ல? அப்புறம் உனக்கென்னடா வலிக்குது" என்பார்.

அவர் அதிகம் கூப்பிடுகிறவரும் இல்லை. மற்ற படகுக்காரர்கள் போகும்போது ஒரு வார்த்தை, வரும்போது ஒரு வார்த்தை சொல்வார்கள். மாமா ஏதாவது தேவைப்பட்டால்தான் வாயைத் திறப்பார். திறந்தால் எப்போதும் ஒரே தொடக்கம்: "பெரியம்மா, பெரியம்மா, தூங்கிட்டியா?" கும்பகர்ணன் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்.

எங்கள் வீடு துறைமுகத் தெருவின் மறுகோடியில், ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை. என்னை வளர்த்தது அக்காதான். அம்மா போன பிறகு அவள் எனக்கு அம்மா என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அவளே சிரிப்பாள். அவள் அக்காதான். நான் படிப்பை விட்டபோது ஏன் என்று கேட்கவில்லை. அன்று எனக்கும் சேர்த்துச் சமைத்தாள், அவ்வளவுதான். அவளுக்குக் கல்யாணமான பிறகும் ஒன்றும் மாறவில்லை. மாமா பெரும்பாலும் தண்ணீரில் இருந்தார். அந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை இல்லை.

மாமாவையும் நான் வெறுத்ததில்லை. சத்தமாகப் பேசுவார், நனைந்த துண்டை நாற்காலியில் போடுவார். மற்றபடி நல்ல மனுஷன். உடைக்கப்போன ஒரு கப்பலிலிருந்து சின்ன ரிசீவர் ஒன்றை எனக்காக வாங்கி, தோளிலேயே சுமந்து வந்தார். அதைச் சரி செய்து என் அறையில் வைத்தேன். நான் முதல் தடவை அதைப் போட்டபோது அவர் படகிலிருந்து பேசிப் பார்த்தார். அவர் குரல் எந்த இடத்தில் வந்ததோ அந்த இடத்தில் அன்று மாலையே சிவப்பு டேப்பில் ஒரு துணுக்கை வெட்டி டயலில் ஒட்டினார். "இதான் என் வீட்டுக் கதவு, மாப்ள. இங்க வந்து நின்னா நான் பேசுறது உனக்கு முழுசா கேக்கும்" என்றார். பகலில் நான் தூங்காமல் அந்தப் பெட்டியோடு கிடப்பேன் என்று அவருக்குத் தெரியும். அதற்காக என்னைத் திட்டியும் இருக்கிறார்.

பிறகு மாற்றல் வந்தது. வேறொரு துறைமுகம், கொஞ்சம் பெரிய படகு. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்.

"அங்க குவார்ட்டர்ஸ் தர்றாங்க. ரெண்டு பேர் தாராளமா இருக்கலாம்."

அக்கா பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, "இவன்?" என்றாள்.

"இவனுக்கென்ன, கழுதை வயசாச்சு. இன்னும் உன் முந்தானையப் புடிச்சுக்கிட்டே திரியணுமா? கோவிச்சுக்காத மாப்ள. லீவுல வா, பத்து நாள் இரு."

"இவனா வருவான்? பகல்ல வெளிச்சம் பட்டா ஆந்தைக்கு வழி தெரியாது" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் விஷம் எதுவும் இல்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைத்தான் நான் கவனித்தேன். அவளுக்கு இளைப்பு உண்டு. மாடிப்படியில் எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள் என்று எனக்குத் தெரியும். மருந்து எந்த டப்பாவில் இருக்கிறது என்றும் தெரியும். அந்த ஊர் ஈரமான ஊர் என்று சொன்னார்கள். அவர் கடலில் இருக்கும்போது அங்கே அவளுக்கு யார் இருப்பார்கள்? இதை அவளிடம் ஒரு தடவை சொன்னேன். "உனக்கு யார் இருப்பாங்கன்னு யோசிடா முதல்ல" என்று தலையில் தட்டிவிட்டுப் போனாள். அவளுக்குத் தன் உடம்பைப் பற்றி அக்கறை கிடையாது. அவளுக்காக யாராவது அக்கறைப்பட வேண்டியிருந்தது.

பெரியம்மாவைச் சரி செய்தது நானாகக் கேட்டு வாங்கிய வேலை இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தூரம் போகிற படகுகளின் பேச்சு கேட்கவில்லை என்று புகார் வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, பிரித்துப் போடு என்றார்.

பிரித்தேன். கசிந்துபோயிருந்த கண்டென்சர்களை எல்லாம் மாற்றினேன். அலைவரிசை மாற்றும் சுவிட்சில் பச்சை பிடித்திருந்தது. துணியைக் குச்சியில் சுற்றி ஒவ்வொரு தொடுமுனையாகத் துடைத்தேன். பிறகு டப்பாக்கள். ஒரு சின்னக் கருவியிலிருந்து சரியான சுருதியை உள்ளே செலுத்தி, பின்னாலிருந்து ஒவ்வொரு திருகாணியாக, மீட்டர் முள் உச்சிக்கு வரும்வரை திருப்ப வேண்டும். இரும்புத் திருப்புளி ஆகாது; அது பக்கத்தில் வந்தாலே சுருதி நகரும். பிளாஸ்டிக் திருப்புளிதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. எனக்குப் பிடித்த வேலை.

கடைசித் திருகாணியில் என் கை நின்றது. அதையும் கூட்டிவிட்டால் வாசல் எவ்வளவு குறுகும் என்று எனக்குத் தெரியும். ஒரு முடி தள்ளி வருகிற குரலுக்கு அதில் இடம் இருக்காது. மற்ற எல்லாக் குரலும் கண்ணாடி மாதிரி வரும். நான் திருப்பினேன். முள் ஏறியது. நகராமல் இருக்க ஒவ்வொரு திருகாணித் தலையிலும் ஒரு சொட்டு அரக்கு வைத்தேன். யாரும் டயலைத் தொடக்கூடாது என்று மேனேஜர் சொன்னதால் அதையும் பூட்டினேன். இதில் புத்தகத்துக்கு மாறாக ஒன்றுகூட இல்லை.

எங்கள் துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கரை ரிசீவரைச் சரி செய்தால், எல்லாப் படகும் ஒவ்வொன்றாகத் துறையிலிருந்து பேசிக் காட்ட வேண்டும். செய்தவன் மீட்டரை எடுத்துக்கொண்டு படகுக்குப் போய், அந்தச் செட்டும் நேராக நிற்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் திருப்பி வைக்க வேண்டும். மற்ற எல்லாப் படகுக்கும் போனேன். மாமாவின் முறை வந்தபோது அவர் குரல் அறையே அதிரும்படி வந்தது. லாஞ்ச் ஜன்னலுக்குக் கீழேதான் நின்றது. பக்கத்தில் நின்று கத்தினால் மூடிய கதவுக்கும் கேட்கும். மேனேஜர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

கும்பகர்ணன் மட்டும் கண்ணைத் திறந்தார்.

"என்னப்பா, குரல் நசுங்கி வருது. கதவிடுக்குல மாட்டின மாதிரி."

"பக்கத்துல நிக்கிறாருல்ல. அதான்" என்றேன். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

மாமா மாடிக்கு வந்தார். மீட்டர் என் கையில்தான் இருந்தது. கீழே போய்ச் சரி செய்ய ஒரு பீடி பிடிக்கிற நேரம் போதும்.

"என் செட்டு எப்படிடா?"

"நல்லா இருக்கு மாமா."

முதுகில் தட்டினார். அன்று வீட்டில் அக்காவிடம், இவன் கையில் தொழில் இருக்கிறது, இவனைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய கடைசி நடை அடுத்து வந்தது. விளக்குப் பாறைக்குச் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பினால் மாற்றல். அதற்கு முந்தின இரவு என் பணியில்தான் காற்று எச்சரிக்கை வந்தது. எழுதிக் கீழே பலகையில் மாட்டினேன். மாமா பலகையைப் பார்க்கிற ஆள் இல்லை. எச்சரிக்கை வந்தால் நான்தான் அவரிடம் வாயால் சொல்வேன். விடிகிற நேரத்தில் பணி முடிந்து இறங்கும்போது படிக்கட்டில் அவரைப் பார்த்தேன். அவரோடு இன்ஜின்காரரும் இருந்தார், ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு. "போய்த் தூங்குடா, கண்ணு செவந்திருக்கு" என்றார் மாமா. சரி என்றேன். காற்றை நான் வரவழைக்கவில்லை. எச்சரிக்கையும் எல்லோரும் பார்க்கிற இடத்தில்தான் இருந்தது.

மறுநாள் லாஞ்ச் மணல்திட்டில் கவிழ்ந்து கிடந்தது. மாமா அதற்கடுத்த நாள் கிடைத்தார். இன்ஜின்காரர் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அது என் தவறுதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் வந்து பெரியம்மாவைச் சோதித்தபோது நானும் அறையில் இருந்தேன். கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, உங்கள் ஆள், "யாருங்க இதைப் பண்ணது, கை சுத்தம்" என்றார். அதற்குப் பிறகும் பழையது என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு கும்பகர்ணனிடம், அன்று பகலில் அழைப்பு எதுவும் வந்ததா என்று கேட்டீர்கள். அவர் வரவில்லை என்றார். மறுபடி கேட்டீர்கள். மூன்றாவது தடவை அவருக்குத் தன் பட்டப்பெயர் ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். "தெரியலைங்க. ஒருவேளை கண் அசந்துட்டேனோ என்னமோ" என்றார். இப்போது வேலை இல்லாமல் துறைமுக வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறார், இமைக்கக்கூட யோசிக்கிறார். அவர் தூங்கவில்லை. அவர் காது அவ்வளவு நேரமும் ஹெட்போனில்தான் இருந்தது. அதற்குள் வருவதற்கு எதுவும் இல்லாதபடி நான் செய்திருந்தேன். இழுவைப் படகு இன்ஜின் சூட்டோடு துறையிலேயே நின்றது. ஒரு வார்த்தை வந்திருந்தால் புறப்பட்டிருக்கும்.

பிறகு அவர் பகல் பணியையும் நானே பார்த்தேன். பெரியம்மா இப்போது மிகவும் நிசப்தமானவள். படகுகள் பேசினால் பேச்சு, பேசாவிட்டால் ஒன்றுமில்லை. பழைய இரைச்சல், யாரோ எங்கோ முணுமுணுப்பது, எதுவும் இல்லை. அந்த நிசப்தத்தில் உட்கார முடியவில்லை. ஒரு தடவை பூட்டைத் தளர்த்தி டயலை ஒரு முடி நகர்த்திப் பார்த்தேன். அங்கே இரைச்சல் இருந்தது. இரைச்சலில் காது எதையாவது கற்பனை செய்துகொள்ளும்; அது எல்லா ஆபரேட்டருக்கும் தெரிந்ததுதான். ஓடுகிற தண்ணீரில் பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோலக் கேட்கும் இல்லையா, அதுபோல. தூங்கிட்டியா என்று கேட்டது. டயலைத் திரும்ப வைத்துப் பூட்டினேன். கை கழுவினேன். அதிலிருந்து பணிக்குப் போனதும் முதலில் பூட்டைத் தொட்டுப் பார்க்கிறேன். சில நாள் அது தளர்ந்திருக்கிறது. நான்தான் தளர்த்தியிருக்க வேண்டும். அறைக்கு வேறு சாவி இல்லை.

அக்கா அழுததை நான் பார்க்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, ஒரு நாள் பணி முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவள் என் அறையில் அந்தச் சின்ன ரிசீவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். டயலைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் ஒட்டினது இங்க இருக்கு" என்று சிவப்புத் துணுக்கைக் காட்டினாள். பிறகு முள்ளைக் காட்டினாள். முள் அதைத் தாண்டி, நன்றாகத் தள்ளி நின்றிருந்தது. "அவர் பேச ஆரம்பிச்சா இங்க வரும்னு சொன்னார். பேட்டரி போகப்போக அந்தப் பக்கமா நகரும்னும் சொன்னார். முள்ளை அங்க யார்டா கொண்டுபோனது?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கட்டிவைத்த பெட்டி கட்டியபடியே மூலையில் இருந்தது. அதைத் தானே ஒவ்வொரு படியாக இறக்கினாள். மூச்சு வாங்குகிற இடத்தில் நின்றாள். நான் பிடிக்கப் போனேன். கையை உதறினாள். எங்கே போனாள் என்று தெரியாது. மருந்து டப்பாவை விட்டுவிட்டுப் போய்விட்டாள். உங்களால் விசாரித்துச் சொல்ல முடிந்தால் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

இனி லாஞ்ச் கவிழ்ந்த அந்தப் பகலைச் சொல்கிறேன்.

நான் தூங்கவில்லை. ஹெட்போனை மாட்டி, முள்ளைச் சிவப்புத் துணுக்கில் வைத்திருந்தேன். எதற்காக என்று கேட்காதீர்கள், தினமும் வைப்பதுதான். வெளியே மழை தொடங்கி, ஜன்னல் கதவு அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் அக்கா சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வந்தது. பெரியம்மா, பெரியம்மா, தூங்கிட்டியா. முதலில் சாதாரணமாகத்தான் கேட்டார். இன்ஜின் நின்றுவிட்டது, மணல்திட்டுப் பக்கம் தள்ளுகிறது, இழுவையை அனுப்பு என்றார். பதில் வராததால் திரும்பச் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். தண்ணீர் ஏறுகிறது என்றார். பின்னால் இன்ஜின்காரர் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது கேட்டது, அவர் வீட்டு ஆளாக இருக்கலாம்.

அப்புறம் மாமா பெரியம்மாவை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள. அங்க யாருக்கும் கேக்கல போல. நீ கேட்டுக்கிட்டுதான் இருப்ப, எனக்குத் தெரியும். எந்திரிச்சு ஓடிப்போய்ச் சொல்லுடா."

அக்கா வாசலில் வந்து நின்றாள். "என்னடா அது, அப்படிக் கேட்டுக்கிட்டு இருக்க?"

"இரைச்சல்கா. மழைக்கு."

"அதைக் கழட்டி வச்சுட்டு வா. கயிறு வழுக்குது, முடிச்சுல ஒரு விரலை வை."

கழற்றவில்லை. ஒயர் நீளமானது; வாசல்படி வரை வரும். அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். நான் குனிந்து முடிச்சில் விரலை வைத்தேன். அவள் இறுக்கினாள். அவர் பேசிக்கொண்டே இருந்தார். விரல் கொஞ்சம் வலித்தது.

நான் என்ன செய்திருக்க முடியும் என்று பல தடவை யோசித்துவிட்டேன். என்னிடம் இருந்தது கேட்கிற பெட்டி. பேசுகிற பெட்டி இல்லை. அவருக்கு என்னால் ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்ல முடியாது. எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெருக்கோடியில் ரேடியோ அறை தெரியும். அன்று மழையில் விளக்குப் போட்டிருந்தார்கள். கும்பகர்ணனின் தலை அசையாமல் தெரிந்தது.

அக்கா அடுத்த கயிறு எடுக்கப் போனாள். நான் டயலுக்குத் திரும்பினேன். படகின் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. குரல் மெலிந்து சிவப்புத் துணுக்கை விட்டு மெதுவாக நழுவியது. சும்மா விட்டிருந்தால் அங்கேயே மறைந்துபோயிருக்கும். விடவில்லை. இரண்டு விரலால் குமிழைப் பிடித்து, அவர் நழுவ நழுவ நானும் கூடவே நகர்த்திக்கொண்டு போனேன். அதைவிட நுணுக்கமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. ஒரு சொல் தப்பவில்லை. அக்காவைப் பார்த்துக்கொள் என்றது உட்பட. ஆகவே, அவர் கேட்பாரற்றுப் போனார் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறதே, அந்த வரியையும் எடுத்துவிடுங்கள். கடைசி வரைக்கும் நான் அவர் கூடவேதான் இருந்தேன்.